பவுனுவின் கழுத்துச் சுழி

குதிரைப் பதிவுப் படிவத்தில் ஏழாவது கட்டம் எதற்கு என்று உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். ஆணா பெண்ணா, நிறம், உயரம், வயது, வெள்ளை அடையாளங்கள், சூட்டுக்குறி இவையெல்லாம் சரி. "சுழிகள், அவை இருக்கும் இடம்" என்று ஒரு கட்டம் சர்க்கார் படிவத்தில் எதற்கு, நாம் கால்நடை வைத்தியர்களா, சாஸ்திரம் பார்க்கிறவர்களா என்று சிரித்தீர்கள். எனக்கு நீங்கள் கொடுத்த பிரிவு விருந்து அது. நானும் சேர்ந்து சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஓய்வு பெற்று இப்போது நாலு மாதம் ஆகிறது. பழைய நாட்குறிப்புகளை வருஷ வாரியாக அடுக்கும்போது அந்தக் கட்டத்துக்குரிய பக்கங்கள் கையில் வந்தன. அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

ஊசி போடும் முறை, கொட்டிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முறை எல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் திருமழிசைக் கொட்டிலில் கால்நடை இன்ஸ்பெக்டராக இருந்தேன். சமஸ்தானத்து எல்லையைத் தாண்டி பெங்களூர் ரோடு வழியாக வரும் குதிரை எதுவும் எங்கள் கொட்டிலில் இருபத்தோரு நாள் நிற்காமல் பூந்தமல்லிக்குள் நுழையக் கூடாது. காரணம் கிளாண்டர்ஸ். வண்டிக்காரர்கள் அதை மூக்கு ஒழுகல் என்பார்கள். மூக்கில் புண், தாடைக்கடியில் கட்டி, பிறகு சாவு. மருந்து கிடையாது. ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தால் போதும், ஒரு வண்டி ஸ்டாண்டுக் குதிரைகள் அத்தனையும் போய்விடும். மனிதனுக்கும் ஒட்டும். ஆகவே வந்த அன்று ஒரு முறை, இருபதாம் நாளுக்குள் மறு முறை, கண்ணிமையில் ஊசி போட்டுப் பார்ப்போம். நோய் உள்ள குதிரைக்கு மறுநாள் இமை வீங்கிச் சீழ் வடியும். வீங்கினால் சுட்டுவிட வேண்டும் என்பது சட்டம். வீங்காவிட்டால் படிவத்தில் கையெழுத்து, வெளியே அனுப்புதல்.

அந்தப் படிவத்தில் சுழிக் கட்டம் முன்பே இருந்தது. எனக்கு முந்தியவர்கள் காலத்திலிருந்து வந்தது. பதவி ஏற்ற முதல் மாதமே நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அந்தக் கட்டத்தால் சண்டைதான் வந்துகொண்டிருந்தது. வாங்குகிறவன் "இது தலைச்சுழி, குடும்பத்துக்கு ஆகாது" என்பான். தரகன் "இல்லை, இது ராஜ சுழி" என்பான். இருவரும் என் மேஜை முன்னால் நின்று கத்துவார்கள். விஞ்ஞானம் படித்தவன் செய்ய வேண்டிய முதல் காரியம் இதுதான் என்று நினைத்தேன். புதிய படிவம் அச்சாகி வந்தபோது ஆறே கட்டங்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது.

அந்த வருஷம் மாசி மாதம் எட்டுக் குதிரைகள் வந்தன. ஏழு, ஒரு தரகருடையவை. எட்டாவது, சூசை என்ற ஜட்கா வண்டிக்காரருடையது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். பட்டாபிராமில் வீடு, ஆவடி ஸ்டேஷன் வாசலில் ஸ்டாண்டு. மனைவி இறந்து நாலு வருஷம். பிள்ளைகள் இல்லை. பழைய குதிரை செத்துப்போனதும், சமஸ்தானத்துச் சந்தை வரை தானே போய், மூன்று நாள் சுற்றிப் பார்த்து, ஒரு சிவப்புப் பெண் குதிரையை அந்தத் தரகரிடம் வாங்கி, அவர் கூட்டத்தோடு நடத்திக்கொண்டு வந்திருந்தார். நெற்றியில் வெள்ளை, இடது பின்காலில் வெள்ளை, ஐந்து வயது. வரும் வழியிலேயே பவுனு என்று பெயர் வைத்துவிட்டார்.

கொட்டிலுக்குள் வெளியாட்கள் வரக் கூடாது. வேலிக்கு வெளியே பத்தடி தள்ளி ஒரு கயிறு கட்டியிருப்போம். சூசை தினம் சாயங்காலம் நாலரை மணிக்கு அந்தக் கயிற்றடியில் வந்து நிற்பார். ஆறு மைல் நடை. தோளில் ஒரு கட்டு அறுகம்புல். புல்லை நான் சோதித்துவிட்டு, கொட்டில் ஆள் முனுசாமி உள்ளே கொண்டுபோய்ப் போடுவான். முனுசாமி திருமழிசையிலேயே பிறந்தவன். நிலம் போதாமல் எங்களிடம் வேலைக்கு வந்தவன். வாய் சும்மா இருக்காது.

"இன்னா சூசை, பொண்டாட்டிய பொறந்த ஊட்டுக்கு அனுப்சிட்டு வாசல்ல நிக்கற மாப்ள கணக்கா கீற?"

"நீ பேசுவ மாமே. நாள் முயுக்க அது பக்கத்துலயே கீறியே."

"ஏன், பொறாமையா கீதா?"

"இன்னும் எத்தினி நாளு?"

"பதிமூணு."

"நேத்தும் பதிமூணுன்னுதான சொன்ன?"

"நேத்து பதினாலு. சந்தேகமா கீதுன்னா டாக்டரய்யாவ கேளு. அவரு தும்மனத கூட தேதி போட்டு எய்தி வெப்பாரு."

சூசை நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்புவார். கொட்டிலின் அந்தக் கோடியிலிருந்து பவுனு காதை நிமிர்த்திக்கொண்டு வேலி வரை வரும். இருவருக்கும் நடுவில் பத்தடி. அரை மணி நேரம் அப்படியே நிற்பார்கள். பிறகு அவர் திரும்பி நடப்பார். நான் அப்போது குடும்பத்தை மதுரையில் விட்டுவிட்டுத் தனியாக இருந்தேன். நாலரை மணி ஆகும்போது என் கண்ணும் அந்தக் கயிற்றடிக்குப் போகத் தொடங்கியிருந்தது. இதை நாட்குறிப்பில் எழுதவில்லை. அவர் வந்த நேரத்தை மட்டும் எழுதினேன்.

பவுனுவுக்கு இரண்டு சோதனையிலும் இமை வீங்கவில்லை. இருபதாம் நாள் காலை எட்டு மணிக்கு, "நோயில்லை" என்று எழுதினேன்.

இருபத்தோராம் நாள், சூசை விடியும் முன்பே வந்துவிட்டார். சலவை வேட்டி, புதுக் கயிறு. ஏழு மணிக்கு அடுத்த கூட்டம் பதினொரு குதிரைகள் ரோட்டில் வெயிலில் நின்றுகொண்டிருந்தன. பழைய எட்டையும் அனுப்பி, கொட்டிலைக் கழுவிச் சுண்ணாம்படித்த பிறகுதான் அவற்றை உள்ளே விட முடியும். முனுசாமி குதிரையைக் கொண்டுவந்து கயிற்றைக் கொடுத்தான். சூசை கயிற்றை வாங்கி, குதிரையின் கழுத்தடியில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டார்.

"அய்யா, இது பவுனு இல்லீங்க."

நான் படிவத்தைப் பார்த்தேன். குதிரையைப் பார்த்தேன். சிவப்பு. நெற்றி வெள்ளை. இடது பின்கால் வெள்ளை. சூட்டுக்குறி படிவத்திலும் இல்லை, குதிரையிலும் இல்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்த்தேன், ஐந்து வயது.

"எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, சூசை?"

"கூப்ட்டா திரும்பலீங்க."

"ஊசி போட்ட குதிரை. மந்தமாக இருக்கும்."

"தொண்டைக்குக் கீய ரெண்டு சுழி ஒட்டினாப்ல இருக்குங்க பவுனுக்கு. அங்க சொறிஞ்சா கண்ண மூடிக்கும். இதுக்கு அந்த எடம் மொட்டையா கீது."

அந்த ஒரு சொல் எனக்குப் போதுமாக இருந்தது. "சுழி கிழி பார்க்கிற இடம் இது இல்லை. அதற்குக் கோயில் வாசலில் ஆள் உட்கார்ந்திருப்பான்" என்றேன்.

"நான் சுழி பாக்கலீங்க. தொட்டுப் பாத்தேன்."

என் ஒழுங்கு எனக்கு முக்கியம். ஆகவே அளவுகோலைக் கொண்டுவரச் சொல்லி உயரத்தை அளந்தேன். படிவத்தில் இருந்ததைவிட ஒரு விரற்கடை குறைந்தது. "லாடம் தேய்ந்ததால்" என்று ஓரத்தில் எழுதினேன். அந்த எழுத்து இன்றும் என்னிடம் இருக்கிறது. மிக அழகான கையெழுத்து. ஒரு சந்தேகம் வந்தபோது அதற்கு விளக்கம் எழுதி மூடியவன் நான். எழுதாமல் விட்டிருந்தால்கூட அது திறந்தே கிடந்திருக்கும்.

ரோட்டில் பதினொரு குதிரைகள் கனைத்துக்கொண்டிருந்தன. "கைநாட்டு வைத்துக் கொண்டு போ. இல்லையென்றால் கேட்பாரற்ற குதிரை என்று ஏலத்துக்கு எழுதிவிடுவேன்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். வழி கேட்டவனுக்கு வழி தெரியாதவன் தப்பாகக் காட்டும்போது, கேட்டவன் பார்ப்பானே, அப்படிப் பார்த்தார். கட்டை விரலை வைத்துவிட்டு, குதிரையை நடத்திக்கொண்டு போனார். புதுக் கயிற்றை அதற்குக் கட்டவில்லை. பழைய கயிற்றிலேயே கொண்டுபோனார்.

எட்டு நாள் கழித்து, நாலரை மணிக்கு, கயிற்றடியில் அவர் நின்றிருந்தார். தோளில் புல் இல்லை.

"அய்யா, அந்தக் குதிரைக்கு மூக்குல ஒரு பக்கம் மட்டும் வடியுதுங்க."

நான் சைக்கிளில் பட்டாபிராமுக்குப் போனேன். அவர் எனக்கு முன்னால் ஓடி வந்தார். ஸ்டேஷனுக்கு அப்பால், பட்டாளத்துச் சரக்கு லைனை ஒட்டிய பொட்டலில், ஒரு வேல மரத்தடியில் அந்தக் குதிரை தனியாக நின்றது. ஒரு நாசியில் பிசின் மாதிரி ஒழுக்கு. தாடைக்கடியில் கல் போன்ற கட்டி. விளக்குப் பிடித்து மூக்கினுள் பார்த்தேன். புண்கள். ஆவடி ஸ்டாண்டில் முப்பதுக்கு மேல் குதிரைகள். எல்லாவற்றுக்கும் ஒரே கல்தொட்டி. பூந்தமல்லி ஸ்டாண்டு வண்டிகளும் அங்கே வந்து தண்ணீர் காட்டும். ஒவ்வொரு குதிரைக்குப் பின்னாலும் ஒரு அடுப்பு எரிகிறது.

நாட்குறிப்பைத் திறந்தேன். "எந்த எந்த நாள் வண்டியில் பூட்டினாய்? எங்கெங்கே தண்ணீர் காட்டினாய்? மறைக்காமல் சொல்லு."

"பூட்டவே இல்லீங்க."

"எட்டு நாளுமா?"

"ஆமாங்க."

"ஸ்டாண்டுக்கு?"

"இட்டுகினு போவலீங்க. தண்ணி இந்த வாளிதான். இத்த வேற எதுக்கும் வெக்கல."

"ஏன்?"

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "அடுத்தவன் குதிரைங்களே அய்யா. ஆள் மாறிப் பூட்ச்சி. பவுன இட்டுகினு போனவன் ஒரு நாளு தப்பு தெரிஞ்சிகினு வருவான். எங்க என் குதிரைன்னு கேப்பான். வாங்கனாப்லயே குடுக்க வாணாமா? வண்டில பூட்டி ஒடம்ப கெடுத்துக் குடுத்தா நல்லாவா இருக்கும்?"

"எட்டு நாள் சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்?"

"டேசன்ல மூட்ட தூக்கனேன்."

இளைஞர்களே, ஆவடியையும் பூந்தமல்லியையும் அந்த வருஷம் காப்பாற்றியது என் கொட்டில் இல்லை, ஊசி மருந்து இல்லை, என் கையெழுத்து நிச்சயமாக இல்லை. தன் குதிரை திரும்பி வரும் என்று ஒரு மனிதர் காத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் இமை வீங்கியிருந்தது. சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்தோம். ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, வாளியையும் கயிற்றையும் எரித்தோம். சூசை தள்ளி நின்று தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டார். "அத்த யாரும் ஒரு பேரு சொல்லிக்கூட கூப்டல" என்றார். அவருடைய கைகளை மருந்துத் தண்ணீரில் நானே கழுவிவிட்டேன். ஒரு மாதம் வரை உடம்பில் காய்ச்சலோ கட்டியோ வந்தால் உடனே சொல்ல வேண்டும் என்றேன். நல்லவேளையாக எதுவும் வரவில்லை. அதோடு கொட்டிலில் நின்ற மற்ற ஏழு குதிரைகளையும் தேடிப்போய் ஊசி போட்டுப் பார்த்தேன்; ஒன்றுக்கும் இமை வீங்கவில்லை.

அன்று மாலையே முனுசாமி அழுதுகொண்டு என்னிடம் வந்தான். இருபதாம் நாள் சாயங்காலம், சூசை வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, குதிரைகளை நடை பழக்க ஏரிக்கரைப் பக்கம் கொண்டுபோயிருக்கிறான். தரகரின் ஆட்கள் சவுக்குத் தோப்பில் கள்ளுக் கலயத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரே ஒரு மொந்த, அய்யா. குதிரைங்கள அவங்களே புட்ச்சிகினாங்க. திரும்பி வரச்சொல்ல எண்ணிப் பாத்தேன். எட்டு இருந்திச்சி."

எட்டு இருந்தது. நானும் அதே தவறைத்தான் செய்தேன். கொஞ்சம் படித்த மாதிரி செய்தேன். பிறகு தெரிந்தது: தொண்டையில் இரட்டைச் சுழி உள்ள குதிரை வேண்டும் என்று சமஸ்தானத்தில் ஒரு பெரிய மனிதர் தரகரிடம் சொல்லியிருக்கிறார். விற்ற குதிரையைத் திருப்பிக் கேட்க முடியாமல், தரகர் அதே நிறத்தில், அதே வெள்ளை அடையாளங்களோடு ஒன்றை, எங்கள் கொட்டிலுக்கே வராததை, தோப்பில் வைத்து மாற்றிவிட்டு, பவுனுவைத் தன் மற்றக் குதிரைகளோடு எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விட்டார். அது நோய்க் குதிரை என்று அவருக்கே தெரியுமோ தெரியாதோ.

இப்போது நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. எல்லைக்கு அப்பால் உள்ள கால்நடை டாக்டருக்கு அன்றே எழுத வேண்டும். நோயுள்ள கூட்டம் ஒன்று உங்கள் பக்கம் திரும்பி வந்திருக்கிறது, அந்தத் தரகரின் குதிரைகளைப் பிடியுங்கள், அவற்றுள் எங்கள் சோதனையில் தேறிய ஒரு சிவப்புக் குதிரை இருக்கிறது, அதன் சொந்தக்காரர் இங்கே காத்திருக்கிறார் என்று. ஆனால் அப்படி எழுதினால், நான் தவறான குதிரைக்குக் கையெழுத்துப் போட்டேன் என்றும் எழுத வேண்டும். என் பதிவேட்டின்படி பவுனு செத்துவிட்டது. திருமழிசையில் தேறி, பட்டாபிராமில் நோய் கண்டு, சுடப்பட்டது. அந்த வரியை நான் அடிக்க வேண்டும்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன். கெட்டவர் இல்லை. காபி கொடுத்தார்.

"ஓய், நீர் எழுதப்போறது ஒரு குதிரையைப் பத்தி. படிக்கிறவன் நினைக்கப்போறது உம்ம கொட்டில் வழியா வந்த அத்தனை குதிரையையும் பத்தி. கொஞ்சம் ஆறப்போடும்."

ஆறப்போட்டேன். ஒன்பது நாள். இருபத்தேழு வருஷ நாட்குறிப்பில் அந்த ஒன்பது பக்கங்களில் மட்டும் மழை விவரம், தபால் விவரம் தவிர வேறொன்றும் இல்லை. ஒன்பது நாளும் நாலரை மணிக்கு சூசை வந்து நின்றார். "கடுதாசி போட்டீங்களா அய்யா?" என்று கேட்பார். "போட ஏற்பாடு நடக்கிறது" என்பேன். பத்தாம் நாள் அவர் கேட்கவில்லை. வந்து, நின்று, போனார். அன்று எழுதினேன். ஒன்றையும் மறைக்காமல் எழுதினேன்.

கடிதம் போட்ட பதினெட்டாம் நாள் பதில் வந்தது. அந்த டாக்டரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தக் கடிதத்தின் இரண்டாவது பத்தியைப் படித்தபோது முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. "எங்கள் படிவத்தில் சுழிகளுக்குக் கட்டம் இருப்பதால் தேடுவது எளிதாக இருந்தது" என்று எழுதியிருந்தார். பவுனு கிடைத்துவிட்டது. இரண்டு முறை சோதித்துவிட்டார், நோயில்லை. வாங்கிய பெரிய மனிதர் விவரம் தெரிந்ததும், திருட்டுக் குதிரை எனக்கு வேண்டாம், சொந்தக்காரனுக்கே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வருகிற வியாழக்கிழமை எல்லைச் சாவடிக்கு ஆள் நடத்திக்கொண்டு வருவான்.

சூசையிடம் சொன்னபோது கயிற்றடியில் உட்கார்ந்துவிட்டார். முனுசாமிதான், "எய்ந்துரு நைனா, மருமவ வராங்கோ, ஊட்டுக்கு வெள்ள அடி" என்று சத்தம் போட்டான். வெட்கத்தில் இருந்தவன், அன்றுதான் பழையபடி வாயைத் திறந்தான்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எனக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து தந்தி வந்தது. சமஸ்தானத்துச் சந்தையில் கிளாண்டர்ஸ் பரவியிருக்கிறது. ஏழெட்டு இடங்களில் கண்டிருக்கிறார்கள். எல்லையைக் குதிரைகளுக்கு முழுவதுமாக மூடலாமா? உடனே அபிப்பிராயம் தேவை.

அந்தத் தரகரின் கூட்டம்தான் பரப்பியது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இல்லை என்றும் தெரியாது. நான் மழை விவரம் எழுதிக்கொண்டிருந்த ஒன்பது நாளில் அவர் எத்தனை குதிரை விற்றார் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

தந்தியை மேஜைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமைக்கு மூன்று நாள். "விவரம் சேகரிக்கிறேன்" என்று ஒரு பதில் அனுப்பினால் போதும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பவுனு சாவடியைத் தாண்டிவிடும். சோதித்த குதிரை, நோயில்லாத குதிரை. ஆனால் அது நடந்து வருகிற ரோட்டில் இருக்கிற தொட்டிகளை யார் சோதித்தார்கள்? அந்த மூன்று நாளில் அதன் பின்னாலேயே வருகிற மற்றக் குதிரைகளை யார் நிறுத்துவது? ஒன்பது நாள் தாமதிக்கத் தெரிந்தவனுக்கு மூன்று நாள் தாமதிப்பது பெரிய காரியமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்தே முக்காலுக்கு, "இன்றே மூடுக. விலக்கு எதற்கும் வேண்டாம்" என்று தந்தி கொடுத்தேன்.

நாலரை மணிக்கு சூசை வந்தார். நானே கயிற்றடிக்குப் போய்ச் சொன்னேன். யாரோ மூடிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. நான்தான் மூடச் சொன்னேன் என்றேன்.

"பவுனுக்குத்தான் ஒண்ணும் இல்லியே அய்யா?"

"இல்லை."

"வெசாயக்கெயம கயிச்சி தந்தி அட்ச்சிருந்தா இன்னா?"

"அடித்திருக்கலாம்."

"பின்ன?"

"நீ அந்தக் குதிரையை எட்டு நாள் ஏன் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகவில்லை?"

அவர், "அது வேற" என்றார். பிறகு, "எப்ப தெறப்பாங்க?" என்றார்.

"தெரியாது. ஆறு மாதம். ஒரு வருஷம்."

"கடுதாசிய அன்னிக்கே போட்ருந்தா வந்துருக்கும், இல்லீங்களா?"

"வந்திருக்கும்."

நான் அவரிடம் சொன்ன உண்மைகளில் அதுதான் கடினமானது. அவர் திரும்பி நடந்துவிட்டார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

தடை பதினொரு மாதம் நீடித்தது. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு குதிரைக்குக்கூட நோய் வரவில்லை. மேலதிகாரி பாராட்டி எழுதினார். என் தவறுக்காகக் கண்டித்தும் எழுதினார். இரண்டும் ஒரே வாரத்தில் வந்தன, ஒரே கோப்பில் இருக்கின்றன. சுழிக் கட்டத்தைப் படிவத்தில் மறுபடி சேர்க்கச் சொல்லி நான் எழுதியதும் அதில் இருக்கிறது. தடை நீங்கிய பிறகு வந்த முதல் கூட்டத்தை நான் ரோட்டில் இறங்கி நின்று பார்த்தேன். இரண்டாவதையும் பார்த்தேன். அப்புறம் மாற்றல் வரும் வரைக்கும் பார்த்தேன். நாலரை மணிக்குக் கயிற்றடியைப் பார்க்கிற பழக்கம், கயிறே இல்லாத அலுவலகங்களிலும் எனக்கு இருந்தது. நீங்கள் சிலர் கவனித்திருப்பீர்கள். டாக்டர் யாருக்கோ காத்திருக்கிறார் என்று பேசிக்கொள்வீர்கள்.

சூசை போனதைச் சொல்லி முடிக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை காலை, முனுசாமி மூச்சிரைக்க வந்து, சூசை ஆவடி ஸ்டேஷனில் மூட்டையோடு நிற்கிறார் என்றான். சைக்கிளில் போனேன். பெங்களூர் பாசஞ்சர் வர இன்னும் கால் மணி இருந்தது. ஸ்டாண்டு வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு கேலி செய்துகொண்டிருந்தார்கள். "அண்ணாத்தே, ஊட்டோட மாப்ளயா போறாரு" என்றான் ஒருவன். என்னைப் பார்த்ததும் விலகினார்கள்.

"ஒண்ணு கேக்கணும் அய்யா" என்றார் சூசை. "குதிரதான வரக் கூடாது? ஆளு போவறதுக்குத் தட இல்லியே?"

"இல்லை."

"பவுனு கீற அந்தப் பெரியவரு ஊட்ல குதிரக்காரன் வேல குடுக்கறன்னு நேத்து தந்தி அட்ச்சாரு. கடுதாசி எய்திக் கேட்டேன். நம்ம பங்குச் சாமியாருதான் எய்திக் குடுத்தாரு. அன்னிக்கே எய்திக் குடுத்தாரு."

கடைசி வார்த்தைகளை அவர் குத்திச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது. அங்கே நோய் இருக்கிறது, பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டாதே, கையில் புண் இருந்தால் குதிரையைத் தொடாதே என்று வரிசையாகச் சொன்னேன். தலையாட்டினார். திரும்பி வரும்போது உடுத்திய துணியை அங்கேயே கொதிநீரில் போட்டு எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்றேன்.

"திரும்பி வந்தா பாத்துக்கலாம் அய்யா."

வண்டி வந்தது. அவர் மூட்டையைத் தூக்கும்போது முடிச்சுக்குள்ளிருந்து குதிரை தேய்க்கும் பிரஷ் ஒன்றின் பிடி நீட்டிக்கொண்டிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. தொழில் பழக்கம். நோய்க் குதிரையின் மேல் பட்ட பொருள் எல்லை தாண்டக் கூடாது. அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இது அந்தக் குதிரைமேல் பட்டதா, சூசை? உண்மையைச் சொல்லு. பட்டதென்றால் இங்கேயே எரித்துவிட வேண்டும்."

அவர் அதை உருவி என் கையில் கொடுத்தார். திருப்பிப் பார்த்தேன். மயிர்க்கால்கள் வெட்டினபடியே விறைப்பாக நின்றன. நடுவில் ஒரு முடிகூட ஒட்டியிருக்கவில்லை. மரத்தில் கடைக்காரர் ஒட்டின காகிதம் அப்படியே இருந்தது.

"எதுமேலயும் படலீங்க" என்றார். "பவுனுக்குன்னு வாங்கனது."